பச்சைக்குழந்தை அழாமல் கிடந்தால்

(கற்போர் மையம் ஒன்றில் ஒரு செவிலியர் பேசியது)



வாசலில் நிற்கிற அண்ணன்மாரும் உள்ளே வந்து உட்காருங்கள். இது பெண்கள் சமாச்சாரம் என்று வெளியே நிற்காதீர்கள். இராத்திரி ஒரு மணிக்கு வண்டி பிடிக்க ஓடப்போவது நீங்கள்தான். அதனால் நீங்களும் கேட்க வேண்டும்.

இன்றைக்கு ஒரே ஒரு விஷயம்தான் பேசப்போகிறேன். பிறந்த குழந்தையின் உடம்பில் கிருமி புகுந்தால் என்ன ஆகும்? அதற்கு என்ன மருந்து? அந்த மருந்து எப்போது கிடைக்க வேண்டும்?

பிறந்த நாளிலிருந்து 28 நாள் வரை உள்ள குழந்தையைப் பச்சிளங்குழந்தை என்கிறோம். 2020ஆம் ஆண்டின் கணக்கு ஒன்று இருக்கிறது. நம் நாட்டில் பிறந்த ஒவ்வொரு 1000 குழந்தைகளிலும் 20 குழந்தைகள் இந்த 28 நாளுக்குள் இறந்துபோயின. காரணங்கள் பல. மாதம் நிறையாமல் பிறப்பது ஒன்று. பிறக்கும்போது மூச்சுத் திணறுவது ஒன்று. கிருமி புகுவது இன்னொன்று. இந்த மூன்றாவதற்கு நம்மிடம் மருந்து இருக்கிறது. விலை உயர்ந்த மருந்தும் இல்லை. அப்படியும் குழந்தை சாகிறது என்றால், மருந்து அந்தக் குழந்தைக்கு நேரத்தில் போய்ச் சேரவில்லை என்று அர்த்தம்.

நல்ல பிள்ளை, அழுவதே இல்லை

நமக்கெல்லாம் கிருமி புகுந்தால் காய்ச்சல் கொதிக்கும். உடம்பு வலிக்கும். புலம்புவோம். பக்கத்து வீட்டுக்கும் தெரிந்துவிடும்.

பச்சிளங்குழந்தைக்கு அப்படி இல்லை. கிருமியோடு சண்டை போடும் சக்தி அதற்கு இன்னும் சரியாக வரவில்லை. சில குழந்தைக்குக் காய்ச்சல்கூட வராது. அதற்குப் பதில் உடம்பு சில்லிட்டுப் போகும். அழுகை குறையும். பால் குடிப்பது குறையும். துவண்டு படுத்துக்கொள்ளும்.

வீட்டில் என்ன சொல்வோம்? "நல்ல பிள்ளை, அழுவதே இல்லை, பாலுக்குக்கூட எழாமல் தூங்குகிறான்" என்போம். எனக்குப் பயம் தருகிற பேச்சு இதுதான். வீறிட்டு அழுகிற குழந்தையைப் பார்த்து நான் பயப்படுவதில்லை. நேற்று வரை அழுத குழந்தை இன்று முனகுகிறது என்றால்தான் பயப்படுவேன்.

கிருமி எப்படிப் புகுகிறது? தொப்புள் வழியாகப் புகலாம். கழுவாத கை வழியாகப் புகலாம். பிரசவத்துக்கு வெகு நேரம் முன்பே பனிக்குடம் உடைந்திருந்தால், வயிற்றில் இருக்கும்போதே புகலாம். புகுந்த கிருமி இரத்தத்தில் கலக்கிறது. இதைத்தான் டாக்டர்கள் செப்சிஸ் என்கிறார்கள். இரத்தம் போகிற இடமெல்லாம் கிருமியும் போகும். நுரையீரலுக்குப் போகும். மூளையைச் சுற்றியுள்ள சவ்வுக்குப் போகும். காலையில் நன்றாக இருந்த குழந்தை மறுநாள் காலைக்குள் போய்விடுவதும் உண்டு. எடை குறைந்த குழந்தைக்கு இன்னும் ஆபத்து.

எந்தெந்த அறிகுறிகளைப் பார்க்க வேண்டும்? முதலில் பால். நன்றாகச் சப்பிக் குடித்த குழந்தை குடிக்கவில்லை, அல்லது சப்ப வலுவில்லை. இது ஒன்றே போதும், கிளம்புவதற்கு. பிறகு அசைவு. உள்ளங்காலில் சுண்டினால்தான் அசைகிறது, இல்லையென்றால் அசைவே இல்லை. உடம்பைத் தொட்டுப் பாருங்கள். சுடுகிறதா? அல்லது வயிறும் பாதமும் இரண்டுமே சில்லென்று இருக்கிறதா? மூச்சு வாங்குகிறதா? மூச்சு இழுக்கும்போது விலாவுக்குக் கீழே நெஞ்சு ஆழமாகக் குழி விழுகிறதா? கைகால் வெட்டி இழுக்கிறதா? தொப்புளில் சீழ் இருக்கிறதா? தொப்புளைச் சுற்றித் தோல் சிவந்து பரவுகிறதா?

இதில் ஒன்று இருந்தாலும் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். இரண்டாவது அறிகுறி வரட்டும் என்று உட்கார்ந்திருக்கக் கூடாது.

மூச்சை எண்ணுவது சுலபம். குழந்தை அழாமல், பால் குடிக்காமல் அமைதியாக இருக்கும்போது வயிற்றைப் பாருங்கள். ஏறி இறங்கினால் ஒன்று. ஒரு நிமிடம் முழுக்க எண்ணுங்கள். 60 அல்லது அதற்கு மேல் வந்தால் இன்னொரு முறை எண்ணுங்கள். மறுபடியும் 60க்கு மேல் என்றால் ஆபத்து. அரை நிமிடம் எண்ணி இரண்டால் பெருக்காதீர்கள். பச்சிளங்குழந்தை கொஞ்ச நேரம் வேகமாக மூச்சு விடும், கொஞ்ச நேரம் மெதுவாக விடும். கணக்கு தப்பிவிடும்.

கட்சிரோலி பெண்கள்

இப்போது உங்களை ஒரு தூரமான இடத்துக்குக் கூட்டிப்போகிறேன். மகாராஷ்டிரா மாநிலத்தின் கிழக்கு ஓரத்தில் கட்சிரோலி என்று ஒரு மாவட்டம். பெரும்பகுதி காடு. கோண்டு பழங்குடி மக்கள் நிறைய வாழ்கிறார்கள். நெல் விளைகிற பூமி. மழைக்காலத்தில் ஓடைகள் பெருகினால் பல ஊர்களுக்குப் பாதை இருக்காது.

அபய் பங், ராணி பங் என்ற டாக்டர் தம்பதியர் 1986இல் அங்கே போய்க் குடியேறினார்கள். வெளிநாட்டில் படித்துவிட்டு வந்தவர்கள். 'சர்ச்' என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். கிராமத்து மக்களோடு சேர்ந்து நோய்களை ஆராய்ந்தார்கள்.

1995-96இல் 39 கிராமங்களில் ஒரு கணக்கு எடுத்தார்கள். ஓர் ஆண்டில் 763 பச்சிளங்குழந்தைகளை வீடு வீடாகப் போய்ப் பார்த்தார்கள். அதில் பாதிக்கு மேற்பட்ட குழந்தைகளுக்கு மருத்துவ உதவி தேவைப்பட்டது. எத்தனை குழந்தைகளுக்குக் கிடைத்தது தெரியுமா? நூற்றுக்கு மூன்று பேருக்குக்கூடக் கிடைக்கவில்லை.

பெற்றவர்களுக்குப் பாசம் இல்லையா? இருந்தது. ஆஸ்பத்திரி தூரம். கையில் காசு இல்லை. பிள்ளை பெற்றவள் வெளியே வரக்கூடாது என்ற வழக்கம் வேறு. நம் ஊர்த் தீட்டு போலத்தான்.

குழந்தையால் ஆஸ்பத்திரிக்குப் போக முடியவில்லை. அப்படியானால் மருந்து குழந்தையிடம் போகலாமே என்று அந்த டாக்டர்கள் யோசித்தார்கள். ஆனால் கிராமத்தில் டாக்டர் இல்லை. நர்ஸும் எப்போதாவதுதான் வருவார். யார் ஊசி போடுவது?

அந்தந்த ஊர்ப் பெண்களையே தேர்ந்தெடுத்தார்கள். 5ஆம் வகுப்பிலிருந்து 10ஆம் வகுப்பு வரை படித்தவர்கள். வயலில் வேலை செய்கிற பெண்கள். 'ஆரோக்கிய தூதர்' என்று அவர்களுக்குப் பெயர். குழந்தையை எடை போடவும், உடம்புச் சூடு பார்க்கவும், மூச்சு எண்ணவும் கற்றுக்கொடுத்தார்கள். ஒவ்வொரு குழந்தைக்கும் தனித் தாளில் எழுதி வைக்கப் பழக்கினார்கள். ஊசி போடவும் பயிற்சி கொடுத்தார்கள்.

இதற்கு முன்பே, சளிக்காய்ச்சலைக் கண்டுபிடிக்க அங்கே ஒரு கருவி செய்திருந்தார்கள். கேட்டால் உங்களுக்குப் பிடிக்கும். எழுதப் படிக்கத் தெரியாத மருத்துவச்சிகளுக்காகச் செய்தது. ஒரு பலகையில் கம்பி. கம்பியில் மணிகள். பக்கத்தில் ஒரு நிமிடம் காட்டும் மணல் கடிகாரம். பத்து மூச்சு எண்ணினால் ஒரு மணியைத் தள்ள வேண்டும். மணல் தீருவதற்குள் சிவப்பு மணி வரை போய்விட்டால் நோய் இருக்கிறது. அறுபது வரை எண்ணத் தெரிய வேண்டாம். பத்து வரை தெரிந்தால் போதும். படித்தவர்கள் செய்த கருவிகளில் இந்த அளவு மரியாதை உள்ள கருவியை நான் அதிகம் பார்த்ததில்லை.

ஊசிக்கு வருவோம். குழந்தையிடம் சில அறிகுறிகள் சேர்ந்து தெரிந்தால், தூதர் முதலில் "ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்" என்றுதான் சொல்வார். பெற்றோர் முடியாது என்றால், வீட்டிலேயே சிகிச்சை செய்யலாமா என்று கேட்பார். அவர்கள் சம்மதத்தை எழுத்தில் வாங்கிக்கொள்வார். பிறகு ஜென்டாமைசின் என்ற ஊசி. கூடவே வாயில் ஊற்ற கோட்ரைமாக்சசோல் என்ற மருந்து. நாள் தவறாமல் வீட்டுக்குப் போய்க் கொடுத்தார்கள்.

பத்தாவது படித்த பெண் பச்சைக்குழந்தைக்கு ஊசி போடலாமா? கேட்க வேண்டிய கேள்விதான். நானாக இருந்தாலும் கேட்டிருப்பேன். பதிலைக் கணக்கு சொல்லட்டும்.

இந்தச் சிகிச்சை வருமுன் அந்த 39 கிராமங்களில் பிறந்த 1000 குழந்தைகளுக்கு 62 குழந்தைகள் 28 நாளுக்குள் இறந்தன. 1997-98இல் அது சுமார் 25 ஆகக் குறைந்தது. ஒப்பிட்டுப் பார்க்க வேறு 47 கிராமங்களையும் கவனித்தார்கள். அங்கே இந்தச் சிகிச்சை இல்லை. அங்கே கிட்டத்தட்ட 60 என்ற கணக்கு அப்படியே நின்றது. செப்சிஸ் வந்த குழந்தைகளை மட்டும் பார்த்தால், முன்பு நூற்றுக்கு 16, 17 பேர் இறந்தார்கள். சிகிச்சைக்குப் பிறகு மூன்று பேருக்கும் குறைவு.

ஊசி மட்டும் இதைச் செய்யவில்லை. குழந்தையை வெதுவெதுப்பாக வைத்தது, தாய்ப்பால் கொடுக்கச் சொன்னது, அடிக்கடி வீட்டுக்கு வந்து பார்த்தது எல்லாம் சேர்ந்துதான். 1999இல் 'லான்செட்' என்ற மருத்துவ இதழில் இந்த முடிவு வந்தது. உலகமே திரும்பிப் பார்த்தது.

நம் நாட்டில் 2011இல் இருந்து ஆஷா பணியாளர்கள் பிறந்த குழந்தையை வீடு தேடி வந்து பார்க்கும் திட்டம் நடக்கிறது. 3, 7, 14, 21, 28, 42 ஆகிய நாட்களில் வர வேண்டும். வீட்டில் பிரசவம் என்றால் முதல் நாளும் வர வேண்டும். ஆஷா இல்லாத ஊரில் கிராம சுகாதாரச் செவிலியரைக் கேளுங்கள். 2014இல் மத்திய அரசு இன்னொரு வழிமுறையும் கொடுத்தது. செப்சிஸ் அறிகுறி இருந்தால் துணைச் செவிலியர் முதல் ஊசியைப் போட்டு ஆஸ்பத்திரிக்கு அனுப்பலாம். ஆஸ்பத்திரிக்குப் போகவே முடியாத நிலை என்றால் 7 நாள் ஜென்டாமைசின் ஊசியும் அமாக்சிசிலின் வாய் மருந்தும் கொடுக்கலாம். காட்டுக்குள் போட்ட பாதை ஊருக்குள் வந்துவிட்டது.

எதற்கு இரண்டு மருந்து?

கிருமியைக் கொல்லும் மருந்தை ஆன்டிபயாடிக் என்கிறோம். ஜென்டாமைசின் எதிலிருந்து வந்தது தெரியுமா? மண்ணில் வாழ்கிற ஒரு நுண்ணுயிரிலிருந்து. 1963இல் கண்டுபிடித்தார்கள்.

பெரிய ஆஸ்பத்திரியில் பெரும்பாலும் ஆம்பிசிலின், ஜென்டாமைசின் என்று இரண்டு மருந்தாகத் தொடங்குவார்கள். கிருமியில் பல சாதி உண்டு. ஒரு மருந்துக்குச் சாகிற கிருமி இன்னொன்றுக்குச் சாகாது. எந்தக் கிருமி என்று தெரிய இரத்தத்தை எடுத்து வளர்த்துப் பார்க்க வேண்டும். அதற்கு இரண்டு மூன்று நாள் ஆகும். அதுவரை குழந்தை தாங்காது. அதனால் இரண்டு பக்கமும் அடைக்கிற மாதிரி இரண்டு மருந்து. சோதனை முடிவு வந்த பிறகு மருந்தை மாற்றுவார்கள். "முதலில் போட்டது தப்பான ஊசியா?" என்று சண்டைக்குப் போகாதீர்கள்.

ஜென்டாமைசினை வாயில் கொடுத்தால் உடம்பில் சேராது. அதனால்தான் ஊசி. அளவு கூடினால் சிறுநீரகமும் காதும் கெடும். ஆகவே குழந்தையின் எடையைப் பார்த்துத்தான் அளவு. தராசில் போடாமல், கண் மதிப்பில் யாராவது ஊசி போட வந்தால் கையைத் தட்டிவிடுங்கள்.

எத்தனை நாள்? செப்சிஸுக்குப் பெரும்பாலும் 7 முதல் 10 நாள். மூளைச் சவ்வில் கிருமி இருந்தால் 3 வாரம். இங்கேதான் நம்மவர்கள் அவசரப்படுகிறார்கள். மூன்றாம் நாள் குழந்தை கண் திறக்கும். பால் குடிக்கும். உடனே வீட்டில் பேச்சு கிளம்பும். "பிள்ளை தேறிவிட்டான். வீட்டில் மாடு கத்துகிறது. இங்கே எதற்குக் கிடக்க வேண்டும்?" மாமியார் மூட்டை கட்டத் தொடங்குவார். தெரிகிற கிருமி செத்திருக்கும். ஒளிந்திருக்கிற கிருமி மீதி இருக்கும். மருந்தை நிறுத்தினால் அது மறுபடி பெருகும். எப்போது நிறுத்தலாம் என்று டாக்டர் சொல்லட்டும். சோதனையில் கிருமி இல்லை என்று தெரிந்தால் அவரே சீக்கிரம் நிறுத்திவிடுவார்.

செலவைப் பற்றிக் கேட்பீர்கள். 2011இல் 'ஜனனி சிசு சுரக்ஷா' என்ற திட்டம் வந்தது. நோயுற்ற பச்சிளங்குழந்தைக்கு அரசு ஆஸ்பத்திரியில் மருந்து, பரிசோதனை, இரத்தம், போகவர வண்டி எல்லாம் இலவசம். பிறகு ஒரு வயது வரை என்று நீட்டினார்கள். மாவட்ட ஆஸ்பத்திரிகளில் பச்சிளங்குழந்தைகளுக்கென்றே தனிப்பிரிவு இருக்கிறது. காசு இல்லை என்று வீட்டிலேயே இருந்துவிடாதீர்கள்.

மருந்துக்கு அசையாத கிருமி

இன்னொரு பக்கமும் உண்டு. டெல்லியில் மூன்று பெரிய ஆஸ்பத்திரிகளில் 2011 முதல் 2014 வரை ஓர் ஆய்வு நடந்தது. அங்கே பிறந்து சிகிச்சைக்குச் சேர்க்கப்பட்ட 13,000க்கும் மேற்பட்ட குழந்தைகளைக் கவனித்தார்கள். செப்சிஸை உண்டாக்கிய கிருமிகளில் பல, பல வகை மருந்துக்கும் அசையவில்லை. 2016இல் இது வெளியாகி எல்லோருக்கும் கவலையைத் தந்தது.

இது எப்படி வந்தது? அளவில்லாமல், தேவையில்லாமல், அரைகுறையாக மருந்து கொடுத்ததால். கொஞ்சம் கொஞ்சமாக அடிபட்ட கிருமி பிழைக்கக் கற்றுக்கொள்கிறது. இதில் ஆஸ்பத்திரிக்கும் பங்கு உண்டு. கை கழுவாமல் ஒரு தொட்டிலிலிருந்து அடுத்த தொட்டிலுக்குப் போகிற என்னைப் போன்றவர்களுக்கும் பங்கு உண்டு. நர்ஸ் கை கழுவாமல் உங்கள் பிள்ளையைத் தொட்டால் தைரியமாகக் கேளுங்கள். கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும்.

வீட்டிலும் பங்கு உண்டு. தும்மலுக்கு ஆன்டிபயாடிக், சாதாரணச் சளிக்கு ஆன்டிபயாடிக். கடையில் கேட்டு வாங்குகிறோம். சளி பெரும்பாலும் வைரஸால் வருவது. அதற்கு இந்த மருந்து ஒன்றும் செய்யாது. மூத்த பிள்ளைக்கு வாங்கிய மருந்து பாட்டிலில் மீதி இருக்கும். அதைப் பச்சைக்குழந்தைக்கு ஊற்றவே கூடாது.

பாட்டிமார் சொல்வது

"உரம் விழுந்திருக்கிறது", "மாந்தம்", "தோஷம் பட்டிருக்கிறது" என்று பெரியவர்கள் சொல்வார்கள். முறத்தில் போட்டு உருட்டுவார்கள். வசம்பு உரசிக் கொடுப்பார்கள். அவர்கள் குழந்தையின் நல்லதுக்குத்தான் செய்கிறார்கள். ஆனால் பாருங்கள், பால் குடிக்காமல் துவண்டு கிடப்பதைத்தான் தோஷம் என்கிறார்கள். அறிகுறியைச் சரியாகத்தான் கண்டுபிடித்திருக்கிறார்கள். வைத்தியம்தான் வேறு. மந்திரிக்கக் கூடாது என்று நான் சண்டைக்கு வரவில்லை. விபூதியை வண்டியில் ஏறும்போதே பூசிவிடுங்கள். வாயில் மட்டும் எதுவும் ஊற்றாதீர்கள். தொப்புளில் சாம்பல், மஞ்சள், எண்ணெய், பவுடர் எதுவும் வேண்டாம். அதைக் காய விட்டால் தானாக விழும்.

போகிற வழியில் குழந்தையைத் துணியில் சுற்றித் தனியாகப் பிடிக்காதீர்கள். தாயின் நெஞ்சோடு, தோலோடு தோல் ஒட்டி வைத்து, மேலே துணி போர்த்துங்கள். சூடு தங்கும். சப்ப முடிந்தால் பால் கொடுங்கள். பிரசவச் சீட்டை மறக்காமல் எடுத்துக்கொள்ளுங்கள். எத்தனை மணிக்குக் கடைசியாகப் பால் குடித்தது, எப்போது அழுகை குறைந்தது என்று அந்தச் சீட்டின் பின்னாலேயே எழுதிக்கொள்ளுங்கள். இப்போதுதான் எழுதக் கற்றுக்கொண்டீர்களே. "நேற்றிலிருந்து சரியில்லை" என்று சொல்வதைவிட, "இன்று காலை 6 மணி" என்ற எழுத்து டாக்டருக்கு உதவும். திரும்பி வரும்போது தருகிற சீட்டில் மருந்தின் பெயர், எத்தனை வேளை, எத்தனை நாள், மறுபடி வரவேண்டிய தேதி எல்லாம் இருக்கும். புரியாவிட்டால் அங்கேயே கேட்டுவிடுங்கள்.

பேச்சு போதும். அந்தப் பச்சைச் சேலை கட்டிய தங்கச்சி மடியில் குழந்தை தூங்குகிறது. எத்தனை நாள் ஆகிறது அம்மா? இருபது நாளா? நல்லது. கொஞ்சம் முன்னால் வா. துணியை வயிற்றுக்கு மேலே தூக்கு, எழுப்ப வேண்டாம். கைக்கடிகாரம் கட்டியிருக்கிற அண்ணன் நேரம் சொல்லட்டும். மற்றவர்கள் எல்லோரும் மனதுக்குள் எண்ணுங்கள். முடிந்ததும் அவரவர் எண்ணைச் சிலேட்டில் எழுதிக் காட்டுங்கள். தயாரா? ஆரம்பிக்கலாம்.